லாரிமரின் முதல் குடும்பம்

டெட்ராய்ட்டில் லாரிமர் கம்பெனி தொண்ணூறு வருஷமாகக் கார் செய்கிறது. இதை அந்த வளாகத்துக்குள் நின்றுகொண்டு சொன்னால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். லாரிமர் கார் செய்யப்படுவதில்லை, அருளப்படுகிறது. விற்கப்படுவதில்லை, ஒப்படைக்கப்படுகிறது. அது பழுதாவதும் கிடையாது, ஓய்வெடுக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இந்தப் பாஷையைக் கற்றுக்கொடுக்கவே மூன்றாம் மாடியில் ஒரு வகுப்பு நடந்தது.

நிறுவனர் கர்னல் அகஸ்டஸ் லாரிமர் எந்தப் படையில் கர்னலாக இருந்தார் என்று யாருக்கும் தெரியாது, கேட்பதும் மரியாதையில்லை. அவர் காலத்தில் ஜனாதிபதிகளும் எண்ணெய்க் கிணற்று முதலாளிகளும் லாரிமரில் போனார்கள். அப்புறம் பல் டாக்டர்கள் போனார்கள். அப்புறம் விமான நிலைய வாடகை வண்டிக்காரர்கள். இந்தக் கதை நடந்த 1994-ல், லாரிமரில் போனவர்களில் பாதிப்பேர் படுத்துக்கொண்டுதான் போனார்கள். சவ வண்டிக்காரர்கள்தான் அப்போது கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்கள். மிச்சப் பாதிப்பேருக்கும் வயதாகிவிட்டதால், பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புவதற்கு முன்னால் விற்பனைப் பிரிவு எதற்கும் இரங்கல் பிரிவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்.

அலோன்சோ பீச்சம் இந்தப் பெருமை எதையும் அறியாதவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கியர் பல்சக்கரம்.

அம்மா எர்னஸ்டினிடம் 1938-ம் வருஷத்துக் கறுப்பு லாரிமர் ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஈஸ்டர் ஞாயிறும் அம்மா தொப்பி வைத்து, கையுறை மாட்டி, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஆலயத்துக்குப் போவார். அப்பா ராஸ்கோ இருந்தவரை அவர் ஓட்டினார். அவருக்குப் பிறகு அலோன்சோ. இந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கார் மக்கர் பண்ணிவிட்டது. அம்மாவின் இதயமும் அதே சமயத்தில்தான் மக்கர் பண்ணியது. டாக்டர் அலோன்சோவைத் தனியாக அழைத்து, "இந்த ஈஸ்டரை நல்லாக் கொண்டாடுங்க. அடுத்ததைப் பத்தி இப்ப பேச வேண்டாம்" என்றார். அலோன்சோ வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, கார் பின்னால மட்டுந்தான் போகுது. முன்னால போற கியர்ல எல்லாம் பல்லு போச்சு."

"எனக்குந்தான் பல்லு போச்சு. நான் முன்னால பார்த்து நடக்கலியா?"

"அந்தச் சக்கரம் எங்கயும் கிடைக்கலம்மா. பேசாம என் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"அந்த ஜப்பான் டப்பாலயா?" அம்மா எழுந்து உட்கார்ந்தார். "ஆலய வாசல்ல அந்தப் பெருமைக்காரி ஆர்லெட்டா நிப்பா. கூடையிலேர்ந்து கோழி இறங்குற மாதிரி நான் இறங்கணும், அதை அவ பார்க்கணுமா? அதுக்கு நான் இப்பவே கண்ணை மூடிடறேன். சவ வண்டியாவது லாரிமர்ல வரும்."

மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அந்தச் சக்கரம் இந்த உலகத்தில் இருக்குமானால் கம்பெனி வளாகத்து அருங்காட்சியகமான லாரிமர் பாரம்பரிய மாளிகையில்தான் இருக்கும் என்றார். அலோன்சோ ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வளாக வாசலில் காவலாளி அவருடைய ஜப்பான் காரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளாத குறைதான். கார் செய்கிற ஊரில் வெளிநாட்டு வண்டி ஓட்டுகிறவனுக்கு இது பழகிப்போன விஷயம்.

"வெளிநாட்டு வண்டியெல்லாம் அந்தப் பக்கம். தண்டவாளத்தைத் தாண்டி, குப்பைத் தொட்டிக்குப் பின்னாடி."

"அங்க ஒரே சேறா இருக்கேப்பா?"

"ஆமா. நாங்கதான் தினம் தண்ணி ஊத்துறோம்."

சேற்றில் ஏற்கெனவே வரிசையாக ஜெர்மன் கார்கள் நின்றன. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் லாரிமர் உயரதிகாரிகளின் அனுமதிச் சீட்டு ஒட்டியிருந்தது.

மாளிகைக்குள் செருப்புச் சத்தம் கேட்கக்கூடாதென்று காலுக்குத் துணி உறை கொடுத்தார்கள். குசுகுசுவென்றுதான் பேச வேண்டும் என்றார்கள். கர்னல் லாரிமரின் இடதுகை உறை ஒரு கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நிற்க வேண்டும். வலதுகை உறை என்ன ஆயிற்று என்று அலோன்சோ கேட்டார். அது ஓய்வெடுக்கிறது என்றாள் வரவேற்புப் பெண்.

அலோன்சோ தலை நிமிர்ந்தார். எதிர்ச் சுவர் முழுக்க ஒரு புகைப்படம். கறுப்பு லாரிமர். பின் சீட்டில் ஒரு வெள்ளைக்காரர், வாயில் சுருட்டு. முன்னால், சாரதித் தொப்பி போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அலோன்சோவின் அப்பா. கீழே, '1938: ஒரு கனவானும் அவரது விசுவாசமான சாரதியும்' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தார்கள்.

இந்தப் படத்தின் கதை அலோன்சோ வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் லாரிமர் கடையில் கறுப்பர்களுக்குக் கார் விற்க மாட்டார்கள். கையில் முழுப் பணம் இருந்தாலும் வாசலிலேயே மறித்துவிடுவார்கள். கறுப்பர்கள் லாரிமரில் போவதைப் பார்த்தால் வெள்ளைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்று கம்பெனிக்குப் பயம். அப்பா சொந்தமாக மருந்துக்கடை வைத்து நன்றாகச் சம்பாதித்தவர். வசதியுள்ள மற்றவர்கள் செய்ததையே அவரும் செய்தார். தெருவில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்த காசிமிர் வோய்ச்சிக் என்ற போலந்துக்காரரைப் பிடித்து, தன் கோட்டை மாட்டிவிட்டு, பணத்தைக் கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார். காசிமிருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது பணம் கட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்பா ஒரு தொப்பியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, 'ஐயாவின் டிரைவர்' என்று சொல்லி உள்ளே போய்த் தன் காரைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். கார் வாங்குகிற எல்லோரையும் படம் எடுத்து வைப்பது கடை வழக்கம்.

"அழகான படம், இல்ல?" என்று பின்னால் ஒரு குரல் கிசுகிசுத்தது. மாளிகையின் தலைவர் பிரெஸ்காட் ஹேவர்லி. வெள்ளைக் கையுறை, வெள்ளி முடி, குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிற மாதிரி பேச்சு. பக்கத்தில் குறிப்பெடுக்க ஓர் உதவியாளர்.

"அது எங்கப்பாங்க" என்றார் அலோன்சோ.

ஹேவர்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அந்தச் சாரதியா! என்ன ஒரு விசுவாசம் அந்த முகத்தில!"

"அவர் சாரதி இல்லீங்க. காரே அவரோடதுதான். பணம் குடுத்தது அவர். பின்னாடி உக்கார்ந்திருக்கிறவர் ஐஸ் விக்கிறவர்."

"ஐஸ்!" ஹேவர்லி உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்கோங்க. பனிக்கட்டித் தொழிலதிபர்."

"ஐயா, எங்காளுங்களுக்கு உங்க கடையில கார் குடுக்க மாட்டாங்க. அதனாலதான் அவரைப் பிடிச்சோம்."

ஹேவர்லியின் முகம் வாடிவிட்டது. "மிஸ்டர் பீச்சம், லாரிமர் யாரையும் மறுத்ததே கிடையாது. ஒரு கறுப்பர்கூட உள்ள வந்து கேட்டு, நாங்க இல்லைன்னு சொன்னதா எங்க பதிவுகள்ல இல்லை."

"வாசல்லயே மறிச்சிட்டா எப்படிங்க பதிவாகும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். பதிவே இல்லை."

அலோன்சோ அதை விட்டுவிட்டார். வந்த காரியத்தைப் பார்ப்போம் என்று கியர் விஷயத்தைச் சொன்னார். ஹேவர்லி கண்ணை மூடிக் கேட்டார்.

"பின்னால போகுதுன்னு சொல்றீங்களே, அப்ப எதுவும் கெடலையே. லாரிமரோட மகிமை முழுக்கப் பின்னாடிதான் இருக்கு. எங்க வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்புறாங்கன்னு ஆய்வே சொல்லுது."

"எங்கம்மா ஆலயத்துக்குப் போகணுங்க. முன்னால போகணும்."

"போகட்டும். ஆனா பழைய பாகங்களை நாங்க விக்கிறதில்லை. முதல் குடும்பத்துகிட்ட மட்டும் ஒப்படைப்போம். முதல்ல வாங்கின குடும்பம் எதுவோ, அதுதான் முதல் குடும்பம். இந்தக் காருக்கு வோய்ச்சிக் பரம்பரை." அப்போதுதான் ஹேவர்லிக்கு ஏதோ உறைத்தது. "ஒரு நிமிஷம். வோய்ச்சிக் பரம்பரைக் கார் உங்க வீட்ல எப்படி? சாரதி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போய், இத்தனை வருஷமாத் திருப்பிக் குடுக்கவே இல்லையா?"

கியர் வாங்க வந்தவர் கார் திருடனாகிவிட்டார்.

"பயப்படாதீங்க" என்றார் ஹேவர்லி கனிவாக. "நாங்க வழக்குப் போட மாட்டோம். வந்து எடுத்துக்குவோம், அவ்வளவுதான்."

வீட்டில் இதைக் கேட்ட அம்மா முதலில் சிரித்தார். அப்புறம் அருகிலிருந்த தலையணையை எடுத்து வீசினார். நல்லவேளை, தலையணை.

"ராஸ்கோ சாரதியா? நான் என்னவாம், சமையக்காரியா? திருப்பிக் குடுக்கணுமா? வரட்டும், வந்து எடுக்கட்டும், நான் வண்டிக்குள்ளயே உக்காந்துக்கிறேன், என்னையும் சேர்த்துத் தூக்கட்டும்!"

"அம்மா, நெஞ்சு வலிக்கப்போகுது, கத்தாதீங்க."

"வலிச்சா வலிக்கட்டும். காசிமிரோட பொண்ணு லாட்டி பக்கத்துல ஹாம்டிராமிக்ல பேக்கரி வெச்சிருக்கா. போய்க் கூட்டிட்டு வா. அன்னைக்கும் நமக்கு ஒரு வெள்ளைக்காரன் தேவைப்பட்டான். இன்னைக்கும் வேணும்போல இருக்கு."

லாட்டி வோய்ச்சிக் முழங்கை வரை வெண்ணெயும் கையுமாக இருந்தார். ஈஸ்டருக்காக, போலந்து வழக்கப்படி வெண்ணெயில் ஆட்டுக்குட்டி உருவங்கள் பிடித்துக்கொண்டிருந்தார், மிளகுதான் கண். பீச்சம் என்ற பேரைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கடவுளே, அந்தக் கார் இன்னும் இருக்கா! எங்கப்பா வருஷா வருஷம் கிறிஸ்மஸ் ராத்திரி இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எங்க காதைத் தேய்ச்சிட்டாரு. வாழ்க்கையில சுருட்டே பிடிச்சதில்லையாம். ரெண்டு தெரு தாண்டினதும் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்திருக்காரு. உங்கப்பாதான் முதுகைத் தடவி விட்டாராம்."

அலோன்சோ நடந்ததைச் சொன்னார். லாட்டியின் சிரிப்பு நின்றது.

"திருடினீங்களா நீங்க? சரியான மடப்பசங்களா இருப்பாங்க போல. நான் வரேன். வந்து முகத்துக்கு நேரா சொல்றேன். பத்து நிமிஷ வேலை."

அலோன்சோ ஓட்டிவந்த லாட்டியின் பேக்கரி வண்டி உள்ளூர்க் கம்பெனித் தயாரிப்பு என்பதால் போர்ட்டிகோ வரை போக விட்டார்கள். 'வோய்ச்சிக்' என்ற பேரைச் சொன்னதும் காவலாளி சல்யூட் அடித்தார். சிவப்புக் கம்பளம் விரிந்தது. காலுக்குத் துணி உறை மாட்டச் சொல்லவில்லை, கிசுகிசுக்கவும் சொல்லவில்லை. அலோன்சோவை மட்டும், ஓட்டுநர்கள் நிற்கிற மூலை என்று ஒரு தூணுக்குப் பின்னால் காட்டினார்கள்.

"சீமாட்டி வோய்ச்சிக்!" ஹேவர்லி குனிந்து வெண்ணெய்க் கைக்கு முத்தம் கொடுத்தார். "உங்க பரம்பரையின் நறுமணம்!"

"அது வெண்ணெய். இங்க பாருங்க, எங்கப்பா இந்தக் காரை வாங்கவே இல்லை. ஐஸ் வித்துக்கிட்டு இருந்தாரு. குதிரை வண்டில."

"குதிரைகள்!" ஹேவர்லியின் கண் விரிந்தது. "நிறைய இருந்திருக்குமே?"

"ஒண்ணு. அதுக்கும் ஒரு கண்ணு தெரியாது."

உதவியாளர் 'அரிய இனக் குதிரை வளர்ப்பு' என்று எழுதிக்கொண்டார்.

"நாங்க ஒரே ரூம்ல ஏழு பேர் படுத்திருந்தோம்."

"கூட்டுக் குடும்பப் பண்பு" என்றார் ஹேவர்லி.

"கார் பீச்சத்தோடது! எங்கப்பாவுக்குச் சும்மா கோட்டு மாட்டி விட்டாங்க! நான் சொல்றது காதுல விழுதா, இல்லையா?"

ஹேவர்லி உதவியாளரிடம் திரும்பிக் கண் கலங்கச் சொன்னார்: "பார்த்தீங்களா? தன் சொத்தையே தன்னோடது இல்லைன்னு சொல்றாங்க. பழைய பணக்காரங்க இப்படித்தான். புதுப் பணக்காரங்களுக்கு இந்தத் தன்னடக்கம் வராது."

பத்து நிமிஷ வேலை ஒரு மணி நேரமாகிவிட்டது. லாட்டி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், தூணுக்குப் பின்னால் நின்ற அலோன்சோவைப் பார்த்தார். அலோன்சோ, பல்சக்கரத்தைக் கேளுங்கள் என்று கையால் சுற்றிக் காட்டினார். லாட்டி பெருமூச்சு விட்டார்.

"என் டிரைவருக்கு ஒரு கியர் பல்சக்கரம் வேணும்" என்றார்.

சக்கரம் வெல்வெட் மெத்தையில் வந்தது. இரண்டு பேர் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒரு மணி நேரம் உண்மை பேசிக் கிடைக்காதது ஒரே ஒரு பொய்க்குக் கிடைத்துவிட்டது.

"ஒரே ஒரு விண்ணப்பம்" என்றார் ஹேவர்லி. "எங்க தொண்ணூறாவது ஆண்டு ஊர்வலத்துல இந்தக் கார்தான் முதல்ல வரணும். பின்னாடி நீங்க. முன்னாடி, அதே மாதிரித் தொப்பியில, சாரதியோட மகன். உட்வர்ட் அவென்யூல, ஈஸ்டர் ஞாயிறு காலையில."

"ஈஸ்டர்லயா?"

"எங்க விளம்பரப் பிரிவு யோசிச்ச நாள். உயிர்த்தெழுகிறவங்க எல்லாரும் ஒரே நாள்ல உயிர்த்தெழுந்தா கூட்டம் கூடும்னாங்க."

அலோன்சோ மாட்டவே மாட்டேன் என்றுதான் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு நடந்த அவமானம் போதாதா, அதே தொப்பியை அதே ஊரில் தானும் மாட்டிக்கொண்டு உட்காரவா? அம்மா ஊர்வலப் பாதையைக் கேட்டார். மேடை எங்கே என்று கேட்டார். மேடையிலிருந்து ஆலயம் இரண்டு தெரு.

"போற வழிதானே? போவோம். நான் முன் சீட்டு. அதைச் சொல்லிடு அவன்கிட்ட."

"தொப்பி போடணுமாம்மா."

"உங்கப்பா போட்டாரு. தலை ஒண்ணும் தேஞ்சிடலை. நீ முதல்ல வண்டியைச் சரி பண்ணு."

ஈஸ்டர் அன்று உட்வர்ட் அவென்யூவில் நாற்பது லாரிமர்கள் அணிவகுத்தன. கம்பெனியின் சொந்தக் கார்கள் ஓட்டினால் தேயும் என்று ஒருநாளும் ஓட்டப்படாதவை. அவற்றுக்கு ஓடுவதே மறந்துபோயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பூவால் மூடிய ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டு போனது. தானாக ஓடிய ஒரே கார் அலோன்சோவுடையதுதான். தொப்பிக்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் ஊதா நிறத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக அம்மா. பின் சீட்டில் லாட்டி, மடியில் ஒரு வெண்ணெய் ஆட்டுக்குட்டி. ஆலயத்துக்கு அன்பளிப்பாம்.

மேடையில் ஹேவர்லி மைக் முன்னால் நின்றார். கிசுகிசுத்தே பழகியவர் என்பதால் கூட்டத்தில் பாதிக்குத்தான் கேட்டது. கேட்ட வரைக்கும் இதுதான்:

"லாரிமர் எல்லோருக்கும் உரியது அல்ல. யாருக்கு விற்கவில்லை என்பதில்தான் எங்கள் பெருமையே அடங்கியிருக்கிறது. ஆனால் ஒருபோதும் யாருக்கும் எங்கள் கதவை மூடியதில்லை. திறந்த கதவுக்கு முன்னால் காவலாளி நின்றார், அவ்வளவுதான். இன்று அந்தக் காவலாளியையும் விலக்கிக்கொள்கிறோம். ஏனென்றால் இப்போது யாரும் வருவதில்லை."

கைதட்டல் எழுந்தது. ஹேவர்லி மேடைக்குப் பக்கத்திலிருந்த திரையை இழுத்தார். உள்ளே ஒரு கண்ணாடி அறை, அதற்கு ஏறிப்போக ஒரு சாய்தளம்.

"முதல் குடும்பத்தின் இந்த லாரிமர், இதோ, இங்கேயே நிரந்தர ஓய்வுக்குப் போகிறது. சாரதி அவர்களே, ஏற்றுங்கள்!"

அலோன்சோ பிரேக்கை மிதித்தார். "அம்மா, காரைப் பிடுங்குறாங்கம்மா" என்றார். அம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது. ஆலய மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. சாய்தளத்தில் ஏறினால் இந்த ஈஸ்டர் போய்விடும். அடுத்த ஈஸ்டரைப் பற்றித்தான் டாக்டர் பேசவே வேண்டாம் என்றிருந்தாரே.

பின் கதவு படாரென்று திறந்தது. லாட்டி ஆட்டுக்குட்டியோடு மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"இந்தக் கார் என்னோடதுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

"சந்தேகமே இல்லை, சீமாட்டி."

"முதல் குடும்பம் சொன்னா மறுபேச்சு உண்டா?"

"கிடையாது. கர்னல் வகுத்த விதி."

"அப்ப நல்லாக் கேட்டுக்குங்க. இந்தக் காரை நான் மிஸஸ் எர்னஸ்டின் பீச்சத்துக்குக் குடுத்துட்டேன். இந்த நிமிஷத்துலேர்ந்து அவங்களோடது."

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஹேவர்லி ஒரு கணம் திகைத்தார். மறுகணமே அவர் முகம் மலர்ந்தது. இது கண்ணாடி அறையைவிட நல்ல விளம்பரம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாட்டி கையிலிருந்து மைக்கை வாங்கிக் காருக்கு ஓடிவந்து, ஜன்னல் வழியாக அதை அம்மாவிடம் நீட்டினார்.

"சாரதியின் விதவைக்கு ஒரு சீமாட்டியின் பரிசு! அம்மா, ஒரே ஒரு வார்த்தை. 'நன்றி'ன்னு சொன்னா போதும். கார் உங்களோடது."

"சொல்லலைன்னா?"

"பரிசு நிறைவேறாது. அதுவும் கர்னல் வகுத்த விதி."

சாய்தளத்துக்குப் பக்கத்தில் நாலு பேர் தயாராக நின்றார்கள். அலோன்சோ அம்மாவின் காதருகே குனிந்தார். அவருக்கு அப்போது மானமும் வேண்டியிருக்கவில்லை, ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. "சொல்லிடும்மா. ஒரு வார்த்தைதானே. உங்களுக்காகத்தான் கேக்கறேன், சொல்லிடுங்க." லாட்டி மேடையில் கைகூப்பாத குறையாக நின்றார். வேறு வழி தெரியாமல் செய்தேன், மன்னிச்சுக்குங்க என்று அவர் முகமே சொன்னது.

அம்மா மைக்கைக் கையில் வாங்கினார்.

"என் காரை எனக்கே பரிசாக் குடுத்திருக்காங்க" என்றார். "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்லை. அது நல்ல பொண்ணு. ஆனா நன்றியா? இந்தக் காருக்கு என் வீட்டுக்காரரு முழுப் பணம் குடுத்தாரு. உங்க கடையில அவரை உக்காரச் சொல்லல. சொந்தக் காரை எடுக்க வேலைக்காரத் தொப்பி போட்டுக்கிட்டுப் போனாரு. நான் தெருமுனையில புதுப் பாவாடை கட்டிக்கிட்டு நின்னேன். வண்டியை நிறுத்தினாரு. ஐஸ்காரரு பாவம், வாந்தி எடுத்துட்டுப் போனாரு. நான் ஏறி உக்காந்தேன். அவரு தொப்பியைக் கழட்டி ரோட்டுல எறிஞ்சிட்டு அழுதாரு. புதுக் கார் வாங்கின அன்னைக்கு ஒரு ஆம்பளை ஏங்கி ஏங்கி அழுததை நான் பார்த்தேன். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அந்த அழுகையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அன்னைக்குக் காசை எண்ணி வாங்கினீங்களே, உங்காளுங்க யாராவது அவருக்கு நன்றி சொன்னீங்களா? அது பாக்கி இருக்கு. இப்ப சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

மைக்கை ஹேவர்லியின் வாய்க்கு நேராகப் பிடித்தார். ஹேவர்லி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் விழா நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார். அதில் அப்படி எதுவும் இல்லை. மூன்றாம் மாடி வகுப்பிலும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஹேவர்லி வாயைத் திறந்தார், மூடினார்.

"ஆலயத்துல பாட்டு ஆரம்பிச்சிடுவாங்க" என்றார் அம்மா. மைக்கை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டார். "அலோன்சோ, அந்தக் கருமத்தைக் கழட்டு. வண்டியை எடு."

அலோன்சோ தொப்பியைக் கழற்றினார். கியரைப் போட்டார். நாலு பேரும் தடுக்கத்தான் ஓடிவந்தார்கள், ஆனால் லாட்டி வெண்ணெய் ஆட்டுக்குட்டியோடு குறுக்கே வந்து கதவைத் திறந்து ஏறினார். சீமாட்டியைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் முன்னால் வழி விலக்கிக்கொண்டே போயின. பாண்டு வாத்தியக்காரர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

ஆலய வாசலில் ஆர்லெட்டா பளபளவென்ற ஒரு ஜெர்மன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். போலீஸும் பாண்டும் சூழ வந்து நின்ற லாரிமரைப் பார்த்துக் கார் மேலிருந்த கையை எடுத்துவிட்டார். அலோன்சோ கதவைத் திறந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கினார்.

"என்ன ஆர்லெட்டா, இன்னும் உள்ள போகலியா? வெயில்ல நிக்காதம்மா."

அன்று பாட்டு முழுக்க அம்மாவின் குரல்தான் மேலே கேட்டது. அலோன்சோவுக்குப் பாட முடியவில்லை. பக்கத்தில் நின்று அம்மாவின் கையுறை போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த வாரமே லாரிமர் தன் ஆண்டு விழா மலரை வெளியிட்டு ஊர் முழுக்க இலவசமாகக் கொடுத்தது. முதல் பக்கத்தில் அம்மா மைக்கைப் பிடித்திருக்கும் படம். அலோன்சோ அதை ஒளித்துத்தான் வைத்தார், அம்மா கண்டுபிடித்துவிட்டார். கட்டிலில் சாய்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, படத்துக்குக் கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்தார்:

"'முதல் குடும்பத்தின் பெருந்தன்மையால் நெகிழ்ந்த சாரதியின் மனைவிக்கு நன்றிப் பெருக்கில் பேச்சே வரவில்லை.'"

அலோன்சோ பயந்துபோய் மாத்திரையை எடுத்தார். அம்மா சிரித்தார். இருமல் வரும் வரை, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"பேச்சே வரலையாம்டா எனக்கு!"

சிரித்து முடித்ததும் மாத்திரையைத் தள்ளிவிட்டு, கால்களைக் கட்டிலிலிருந்து கீழே போட்டார்.

"என் தொப்பியை எடு. வண்டியை வெளிய எடு. அந்த மாளிகைக்குப் போவோம்."

"எதுக்கும்மா இப்ப?"

"நான் இன்னும் பேசி முடிக்கல."